ஃப்ளைவீலில் ஒரு பொட்டு

அத்தியாயம் 3

வெள்ளைத்துரைக்கு முட்டி வலி. ஐம்பத்து மூன்று வயதில், அடையாறு பக்கத்து மெக்கானிக் ஷெட் ஒன்றில், எண்ணெய் ஊறிய மண்ணில் குந்தி உட்கார்ந்து இரும்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர் தலையில் எழுதியிருந்தது. போலீசில் இருபத்திரண்டு வருஷம். விலகி வந்து தனியாகத் துப்பறிவது பத்து வருஷம். எத்தனையோ பிணத்தைப் பார்த்தாயிற்று, எத்தனையோ பொய்யைப் பார்த்தாயிற்று. ஒரு அம்பாசடர் காரின் வயிற்றுக்குள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி மடக்கென்றது.

"இன்னா தொரை, இந்த சத்தம் உன் முட்டியா, கிராங்க்கா?" என்றான் சுப்பராயன்.

சுப்பராயன் அவருடைய உதவியாள். நொச்சிக்குப்பத்துக்காரன். நாற்பத்தைந்து வயது. இருபது வருஷம் டாக்சி ஓட்டி, முதுகு போய், டாக்சியை விட்டான். வாயை விடவில்லை.

காலையில் அவர்கள் ஆபீஸ் படியேறி வந்தது ஹாஜிரா பீ என்ற அம்மாள். மயிலாப்பூர் கச்சேரி ரோடு சந்தில் முப்பது வருஷமாக ஷெட் வைத்திருக்கும் கரீமுல்லாவின் மனைவி. விஷயம் இதுதான். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் இசக்கிமுத்து என்பவர் ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு பழைய அம்பாசடரை வாங்கினார். விற்கும் முன் அதன் என்ஜினைப் பிரித்துப் புது கிராங்க்கும் கிளட்ச் பிளேட்டும் போட்டுக் கொடுத்தது கரீமுல்லா. அவர் வார்த்தையை நம்பித்தான் இசக்கிமுத்து வாங்கினார். போன சனிக்கிழமை அடையாறு பாலத்தின் மேல் வண்டி தடதடவென்று ஆடி நின்றுவிட்டது. பக்கத்து ஷெட்டில் பிரித்துப் பார்த்தால் கிராங்க் போய்விட்டது, அதன் பின்னால் மாட்டியிருக்கும் ஃப்ளைவீலும் போய்விட்டது. புது கிராங்க் என்று சொல்லிக் காயலான் கடை கிராங்க்கைப் போட்டுவிட்டார் கரீமுல்லா என்று ஊரெல்லாம் பேச்சு. இன்று சாயந்திரம் ஆறு மணிக்குக் கடைக்கு வந்து பதில் சொல்லாவிட்டால் போலீசில் எழுதிக் கொடுக்கப்போவதாக இசக்கிமுத்து ஆள் அனுப்பியிருந்தார்.

"எங்க வூட்டுக்காரரு திருடன் இல்ல சாப்," என்றாள் ஹாஜிரா பீ. "ஆனா கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. நாலு நாளா சோறு எறங்கல. திருடன்னு பேரு வந்துச்சுன்னா அந்த சந்துல நாங்க எப்டி சாப் நடக்கறது?"

வெள்ளைத்துரை செருப்பை மாட்டிக்கொண்டார். கிளம்பி வந்துவிட்டார்.

அடையாறு ஷெட்டுக்காரர் கையில் டீயோடு நின்று, பழைய கிராங்க்தான், சந்தேகமே வேண்டாம் என்று நாலாவது தடவையாகச் சொன்னார். வெள்ளைத்துரைக்கு கிராங்க் பற்றி ஒன்றும் தெரியாது. முதுகெலும்பு மாதிரி வளைந்து வளைந்து இருக்கிறது, என்ஜின் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றுகிறது என்பது மட்டும் பார்த்தால் தெரிந்தது. ஆனால் தேய்மானம் தெரியும். பழைய செருப்பைப் பார்த்து ஆளைச் சொன்ன போலீஸ்காரர் அவர்.

விரலால் கிராங்க்கின் நடுப்பகுதியைத் துடைத்தார். கண்ணாடி மாதிரி அவர் மூக்கு அதில் தெரிந்தது. நாலு இடத்தில் துடைத்தார், நாலு இடத்திலும் மூக்கு தெரிந்தது. கடைசி நுனி மட்டும் கந்தல். ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் அந்த வட்டத்தில் விரிசல். போல்ட் போகும் ஆறு ஓட்டையும் முட்டை மாதிரி நீண்டிருந்தன.

"கிழவன்னா உடம்பு பூரா கிழவனா இருக்கணும்," என்றார். "பாதம் மட்டும் கிழடு தட்டுமா?"

ஷெட்டுக்காரர் டீயைக் குடிப்பதில் மும்முரமானார்.

சுப்பராயன் ஃப்ளைவீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கனமான இரும்புச் சக்கரம், சைக்கிள் பிரேக் கட்டை மாதிரி கிளட்ச் பிளேட் வந்து உரசுகிற முகம் அதில்தான். அந்த முகம் புதிதாகக் கடைசல் பிடித்தது போல் இருந்தது. கிளட்ச் பிளேட்டும் புத்தம் புதிது.

"பாய் ரெண்டு மாசம் முன்னாடியே புது பிளேட் போட்டுட்டாரு தொரை, அதான் ஊருக்கே தெரியுமே. இது அதுக்கப்பறம் மாத்தினது. வண்டிய யாரோ நடுவுல தொறந்து கீறாங்கோ."

"ரெண்டு மாசத்துல ஒரு பிளேட்டு எப்படிடா தீரும்?"

"நான் டாக்சி ஓட்டச்சொல்லோ ஒரு பிளேட்டு ரெண்டு வருசம் வரும். ரெண்டு மாசத்துல எரிக்கிறவன் வண்டி ஓட்டறவன் இல்ல. ஓட்டக் கத்துக்கிறவன். கால கிளட்ச் மேல வெச்சிகினே போறது, மாமியார் வூட்ல உக்கார மாறி பட்டும் படாம."

அடுத்தபடியாக, சுப்பராயன் மண்ணில் கிடந்த ஒரு மெல்லிய தகட்டை எடுத்தான். போல்ட்டை முறுக்கியதும் அது கழன்றுவிடாமல் இருக்க அதன் தலைமேல் மடித்துவிடுகிற லாக் தகடு. மடித்த அடையாளமே இல்லை. தட்டையாக இருந்தது. கரீமுல்லா பாய் தூக்கத்தில் கூட இதை மடிப்பார், இதைப் போட்டவன் வேறு எவனோ கை வராதவன் என்றான் சுப்பராயன். வெள்ளைத்துரை தலையாட்டினார். யாரோ ஒருத்தன் திறந்தான், போல்ட்டைச் சரியாக முறுக்காமல் மூடினான், சக்கரம் தளர்ந்து ஆடி ஆடிக் கிராங்க்கின் நுனியைத் தின்றுவிட்டது. அந்த ஒருத்தன் யார்?

அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். ஃப்ளைவீலின் பின்பக்கம், மாட்டிய பிறகு எவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், ஒரு பொட்டு. கீழே மஞ்சள், அதன்மேல் குங்குமம். காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது.

வண்டிக்குப் பொட்டு வைப்பது புதிதில்லை. எந்த மெக்கானிக்கும் வைப்பான். ஆனால் அவன் சந்தனம் வைப்பான், பானெட்டில் வைப்பான், நாலு பேர் பார்க்க வைப்பான். மஞ்சள் தடவி அதன்மேல் குங்குமம் வைப்பது வாசப்படிக்கு வைக்கிற கை. அதுவும் உள்ளே போகிற சாமானுக்கு.

"பொம்பள கை," என்றார் வெள்ளைத்துரை.

"அப்ப நம்ப பாய் வாயத் தொறக்காததுக்கு அர்த்தம் புரிஞ்சுபோச்சு," என்றான் சுப்பராயன். "ஹாஜிரா பீ அம்மாகிட்ட நீயே போய் சொல்லு தொரை. நான் வரல."

கிளம்பும்போது வெள்ளைத்துரை வண்டிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். டேஷ்போர்டில் திருச்செந்தூர் முருகன் படம், அதற்கு முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. வண்டி கைக்கு வந்த அன்றைக்கே இசக்கிமுத்து தன் கையால் மாட்டினது, என்ஜினைக் கழற்றினாலும் இதைக் கழற்றாதே என்று சொல்லியிருக்கிறார் என்றார் ஷெட்டுக்காரர்.

*

வண்டியை விற்றது மயிலாப்பூரில் பங்கஜம் மாமி. டாக்டராக இருந்த கணவர் போய் ஏழு வருஷம். தெப்பக்குளத்துக்கு மேற்கே பெரிய வீடு, அதில் மாமி ஒருத்திதான். பக்கவாட்டில் நீளமான கார் ஷெட், இப்போது காலி. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த வெள்ளைத்துரைக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் தூக்கம் வந்தது. வழக்கு எல்லாம் இப்படித்தான் ஆகிவிட்டது. எவரையோ காப்பாற்ற எவர் வீட்டுக்கதவையோ தட்டி, அவர்கள் மறைத்து வைத்திருப்பதைக் கிளற வேண்டும். கிளறினால் நல்லது வந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

வண்டியை விற்றபின் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று மாமி முதலிலேயே சொல்லிவிட்டாள். கரீமுல்லா நல்ல மனுஷர், அவர் கை வைத்தால் கோணாது என்றாள். காபி கொடுத்தாள். வெள்ளைத்துரை பொட்டைப் பற்றிக் கேட்டார். வேலை நடக்கும்போது மாமி மஞ்சள் குங்குமம் ஏதும் வைத்தாளா?

மாமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை.

"நான் குங்குமச்சிமிழைத் தொட்டு ஏழு வருஷம் ஆறது," என்றாள்.

வெள்ளைத்துரை நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிரே இருக்கிற நெற்றியைப் பார்க்காமல் கேட்ட துப்பறிவாளர். சுப்பராயன் கூரையைப் பார்த்தான்.

அவர் சங்கடத்தைப் பார்த்து மாமிக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றினாள். "பாவம், அவா ஆசையா வாங்கிண்டு போனா. முருகனுக்கு முன்னாடி அந்தச் சின்ன விளக்கு எரிஞ்சுண்டே இருக்குமே, அந்த வண்டிக்கா இப்படி ஆகணும்?"

வெள்ளைத்துரை டம்ளரைக் கீழே வைத்தார். வண்டியை விற்றபின் பார்க்கவில்லை என்று சொன்னீர்கள், முருகனும் விளக்கும் விற்றபின் வந்தது என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

மாமி தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே தேங்காய் வண்டிக்காரன் சத்தம் போட்டுக்கொண்டு போனான்.

"நான் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துட்டேன். என்னைக் கேக்காதேங்கோ. கரீமுல்லா திருடலை. அதை மட்டும் எந்தக் கோர்ட்டுல வேணாலும் வந்து சொல்றேன்."

ஒருத்தி என்றாள். அது போதும் அவருக்கு. இசக்கிமுத்து தீபாவளிச் சரக்கு எடுக்க சூரத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்கியிருந்தது ஹாஜிரா பீ சொன்ன கதையிலேயே இருந்தது. அந்தப் பத்து நாளும் டிரைவருக்கும் லீவு. எஜமானன் இல்லை, டிரைவர் இல்லை. வண்டி மட்டும் ஓடியிருக்கிறது.

தெருவில் வந்ததும் சுப்பராயன் பீடியைப் பற்றவைத்தான். "மாமிய வுட்டுட்டு வந்தியே தொரை. இன்னொரு கேள்வி கேட்டிருந்தா சொல்லிருப்பாங்க."

"அதனாலதான் கேக்கல."

*

தி. நகரில் வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மணி நாலரை. இசக்கிமுத்துவின் மனைவி சுந்தரவல்லி வாசலிலேயே நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் மஞ்சள் தடவி அதன்மேல் பெரிய குங்குமம். வெள்ளைத்துரை தன் பெயரைச் சொன்னார், பங்கஜம் மாமி ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். அதன் பிறகு அவர் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அழவும் இல்லை அவள். நாலு நாளாகச் சுமந்ததை இறக்கி வைக்கிற மாதிரி சொன்னாள்.

வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அவள்தான். கற்றுக்கொடுத்தது பங்கஜம் மாமி. டாக்டர் இருந்த காலத்தில் அந்த அம்பாசடரை மாமிதான் ஓட்டுவாளாம். வண்டியை விலை பேசப் போன அன்றைக்கே மாமி அந்த ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்ததை சுந்தரவல்லி பார்த்துவிட்டாள். கணவர் சூரத்துக்கு ரயிலேறிய மறுநாள் காலையில் நேராகப் போய்க் கேட்டாள். மாமியே வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். தினமும் விடியற்காலையில் சாந்தோம் பக்கம் ரெண்டு பேரும். எட்டாவது நாள், வியாழக்கிழமை, தீய்ந்த நாற்றம் வந்து வண்டி நகராமல் நின்றுவிட்டது. மீன் கூடையோடு போன நாலு பெண்கள் தள்ளிக் கொடுத்து மாமி வீட்டு ஷெட்டில் சேர்த்தார்கள்.

சுப்பராயன் நிமிர்ந்தான். அந்த நாலில் ஒன்று என் அக்காவாகத்தான் இருக்கும், வீட்டில் மூச்சு விடவில்லை பாருங்கள் என்றான்.

கணவர் சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறார். கரீமுல்லாவைக் கூப்பிட்டு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று இருவரும் கெஞ்சினார்கள். அவர் வாக்குக் கொடுத்தார். தன் ஷெட்டுக்கு எடுத்துப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று மாமி வீட்டிலேயே, உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளாமல் பிரித்தார்.

அதுவரை வெள்ளைத்துரையின் கணக்கில் வேறு ஒரு மெக்கானிக் இருந்தான். கை வராத ஒருத்தன், லாக் தகட்டை மடிக்காதவன். அவனைப் பிடித்து இசக்கிமுத்து முன்னால் நிறுத்துவதாகத்தான் அவர் நினைத்திருந்தார். அப்படி ஒருத்தனே இல்லை.

"வெள்ளிக்கிழம என்னம்மா நடந்தது? ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றார்.

"பத்தரைக்கு ராவுகாலம்லா. அதுக்குள்ள அந்தச் சக்கரத்த மாட்டிருங்க பாய், நல்ல நேரத்துல உக்காந்ததா இருக்கட்டும்னு நாந்தான் சொன்னேன். பொட்டு வச்சுக் குடுத்தேன். ஆறு போல்ட்டையும் போட்டு, கையால திருவி மாட்டினாரு. பத்தரை ஆயிட்டு. இனி பன்னண்டு வரைக்கும் தொடாதீங்கன்னேன். சரிம்மான்னு எந்திரிச்சிட்டாரு."

"பன்னெண்டுக்கு?"

"பன்னண்டுக்கு அவருக்குத் தொழுகைக்கு நேரமாயிட்டு. குளிச்சிட்டுப் போகணும்லா. போயிட்டு வாங்க, வேல எங்க ஓடுதுன்னு நானே சொன்னேன். ரெண்டு மணிக்கு ஓட்டமா வந்தாரு. வந்து கிளட்ச் பிளேட்ட எடுத்து மாட்டினாரு. சாயங்காலத்துக்குள்ள மூடிட்டாரு."

"வந்தவரு முதல்ல அந்தச் சக்கரத்த ஸ்பானர் போட்டு முறுக்கினாரா?"

சுந்தரவல்லி யோசித்தாள். இல்லை, பிளேட்டைத்தான் எடுத்தார் என்றாள்.

வெள்ளைத்துரைக்கு இப்போது கணக்கு சரியாக வந்தது. அவளுடைய ராகுகாலத்துக்காகக் கரீமுல்லா காத்திருந்தார், அவருடைய தொழுகைக்காக அவள் காத்திருந்தாள். ஒருத்தர் நேரத்துக்கு இன்னொருத்தர் மரியாதை கொடுத்துக் கொடுத்து, நடுவில் ஆறு போல்ட்டும் கையால் திருகினபடியே நின்றுவிட்டன. திரும்பி வந்தவரின் கண்ணுக்கு ஆறும் இடத்தில் இருந்தன. முறுக்கிவிட்டுத்தான் போனோம் என்று நினைத்திருப்பார்.

"எல்லாம் நான் தெரியாம ஓட்டினதால வந்தது," என்றாள் சுந்தரவல்லி. "பாவம் பாய். நான் வாய தொறக்காததால அவரு திருடனாயிட்டாரு. இன்னைக்கு ஆறு மணிக்கு நானே கடைக்குப் போறதா இருந்தேன். போவேனான்னு எனக்கே தெரியாம வாசல்ல நிக்கேன். நீங்க வந்துட்டீங்க."

போல்ட்டைப் பற்றி வெள்ளைத்துரை அவளிடம் சொல்லவில்லை. என் புருஷன் திருடன் இல்லை என்று காட்டு என்பதுதான் ஹாஜிரா பீ கேட்டது. அது ருசுவாகிவிட்டது. மிச்சத்தைச் சொல்ல வேண்டிய ஆள் வேறு.

*

ஆறு மணிக்குக் கடையில் தீபாவளிக் கூட்டம். இசக்கிமுத்து கல்லாவுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். ஆறடி ஆள். எழுதி மடித்த புகார் சட்டைப்பையில் எட்டிப் பார்த்தது. கரீமுல்லா நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் ஹாஜிரா பீ. பாய்க்கு நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம். சுந்தரவல்லி உள்ளே வந்ததும் அவர் தலையை அசைத்தார், வேண்டாம் என்பது போல.

அவள் பார்த்தும் நிற்கவில்லை. ஓட்டியது நான், கிளட்ச் எரிந்தது என்னால், பாய் சரிபண்ணியது எனக்காக, சொல்லாமல் இருந்தது நான் கெஞ்சியதால் என்று நாலே வாக்கியத்தில் முடித்தாள்.

கிராங்க்கின் நடுப்பகுதியில் முகம் பார்க்கலாம், அது புதியதுதான் என்று வெள்ளைத்துரை மெல்லச் சேர்த்துச் சொன்னார். இசக்கிமுத்து அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குட்டி ஓட்டணும்? டிரைவர் இருக்காம்லா."

"பதினெட்டு வருசமா எங்க போறோம்னு நீங்க சொல்லுதீங்க, நான் பின்னாடி ஏறி உக்காருதேன். முன்னாடி உக்காந்து ரோட்டப் பாக்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

வெளியே யாரோ புடவைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இசக்கிமுத்து பையிலிருந்த காகிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். சுந்தரவல்லிக்குப் பாதி பாரம் இறங்கியது போலிருந்தது. ஹாஜிரா பீ முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இப்படியே விட்டால் எல்லாம் முடிந்தது. கெட்ட டிரைவர் ஓட்டி வண்டி கெட்டது, நல்ல மெக்கானிக் பேர் பிழைத்தது. வெள்ளைத்துரை கரீமுல்லாவைப் பார்த்தார். போல்ட்டைப் பற்றித் தானாகக் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

கரீமுல்லா தொண்டையைச் செருமினார்.

"அம்மா ஓட்டினதுல கிளட்ச்தான் போச்சு முதலாளி. கிராங்க் போனது என்னால. ஆறு போல்ட்ட நான் முறுக்கல. ராகுகாலம்னு கையால போட்டுட்டு எழுந்துட்டேன், தொழுகைக்குப் போய்ட்டு திரும்பி வந்து, முறுக்கினதா நெனச்சிகினு மூடிட்டேன். லாக்கும் மடிக்கல. பாலத்து மேல நின்னுச்சுன்னு கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு."

ஹாஜிரா பீ புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அவர் கை தப்பியதாக அவள் கேட்டதே இல்லை.

"தெரிஞ்சா முன்னாடியே சொல்லப்படாதாவே?" என்றார் இசக்கிமுத்து. குரலில் காரம் இல்லை. களைத்திருந்தார்.

"போல்ட்டுன்னு சொன்னா எப்ப தொறந்தேன்னு கேப்பீங்க. எப்பன்னு சொன்னா எதுக்குன்னு கேப்பீங்க. அந்தம்மாவுக்கு வாக்கு குடுத்துட்டேன். திருடன்னு நீங்க சொன்னது பொய்யி, அத தாங்கிக்கலாம். இது நெசம். எனக்கே சொல்ல வாய் வரல."

இசக்கிமுத்து மேசை மேலிருந்த காகிதத்தைத் திருப்பிப் போட்டார். வெற்றுப் பக்கம் மேலே வந்தது. அதில் ஒரு பேனாவை வைத்தார். வேண்டிய சாமான் என்னென்ன என்று எழுதச் சொன்னார். கரீமுல்லா பேனாவைத் தள்ளி வைத்தார். புது கிராங்க்கும் வீலும் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். அதெல்லாம் பிறகு பேசலாம், நாளைக்கு வண்டியை உம்முடைய ஷெட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பார்கள் என்றார் இசக்கிமுத்து.

எழுந்து வாசல் வரை போனவர் திரும்பினார்.

"பாய், வண்டிய என்னைக்கு வேணா மூடும். அந்த ஆறையும் முறுக்கதுக்கு முன்னால எவ என்ன நேரம் சொன்னாலும் எந்திரிக்காதீரும்," என்று சொல்லிவிட்டு, மனைவி பக்கம் பார்க்காமலே, "இவ சொன்னாலும்தான்," என்றார்.

சுந்தரவல்லி முதல் தடவையாகச் சிரித்தாள்.